கைப்பிடி அரிசி

மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்ட மெட்டில்டா, விட்ட வேகத்திலேயே வெளியே இழுத்தாள். விரலிடுக்கில் இரண்டு வண்டுகள் ஊர்ந்தன. உதறிவிட்டு மறுபடியும் விட்டாள், இந்த முறை முழங்கை வரைக்கும். உள்ளே அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. பூச்சி ஏறிய அரிசி காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுடும். இருபத்தாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவளுக்குக் காய்ச்சலைத் தொட்டுச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு பிடி அள்ளி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பழுப்பேறிய மொத்த அரிசி, நடுவே நாலைந்து ஒல்லி பாஸ்மதி, கொஞ்சம் இட்லி அரிசி, நூலாம்படை கட்டி உருண்டையாகிப்போன நொய், எவர் வீட்டு டப்பாவின் அடியிலோ கிடந்த காய்ந்த மிளகாய்க் காம்பு ஒன்று. மழையில் நனைந்து காய்ந்த சாக்கின் வாடை அடித்தது. அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும் பிரித்தாள். ஐந்தாவதன் கட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிய்த்தே எறிந்தாள். சுத்தமான கோபம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சபை ஹாலின் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமின் சாவி மெட்டில்டாவிடம்தான் இருக்கும். மாதர் ஐக்கிய சங்கத்தில் சாமான்களுக்குப் பொறுப்பு அவள். அரிசி பன்னிரண்டு மணிக்கு வண்டி ஏற வேண்டும். இரண்டு மணிக்கு வந்துவிடும் என்று ஒருத்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஹைதராபாத் கண்டோன்மென்ட் பக்கத்து இந்தத் தமிழ்ச் சபையில் கைப்பிடி அரிசி என்பது வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம். பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு அதையும் கொண்டுவந்துவிட்டன. வீட்டுக்கு ஒரு மஞ்சள் துணிப்பை, அதில் ஒரு எண். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அரிசி களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துச் சின்ன ஜெபத்தோடு பையில் போட வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவந்து மூட்டையில் கொட்டிவிட வேண்டும். வேறு சட்டதிட்டம் கிடையாது. எந்த அரிசியைத் தின்கிறாயோ அதில் ஒரு பிடி, அவ்வளவுதான். இதைக்கூடவா ஒழுங்காகச் செய்ய முடியாது?

மூன்று மாதத்துக்கு முன்னால் டி.வி.யில் யுத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது சபையே கலங்கிப்போயிருந்தது. போதகரின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. வாட்ஸப் குரூப்பில் இடிபாடுகளுக்குள்ளிருந்து தூக்கிவரப்பட்ட குழந்தைகளின் படங்களும், அவற்றுக்குக் கீழே அழுகிற மஞ்சள் முகங்களும் குவிந்தன. அந்தச் சூட்டில்தான் மாதர் சங்கம் தீர்மானம் போட்டது. இந்த மூன்று மாதக் கைப்பிடியும் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். குண்டு விழுகிற ஊருக்கு அரிசியை எப்படி அனுப்புவது என்று மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் மெட்டில்டா எழுந்து, "அவ்வளவு தூரம் என்னத்துக்கு? யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவங்க எங்க வீட்டுலருந்து ஆறு கிலோமீட்டர்ல இருக்காங்க" என்றாள்.

அவளுக்கும் கணவர் கிதியோனுக்கும் வீடு காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில். கிதியோனுக்கு அங்கே ஏவுகணை செய்யும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. மெட்டில்டாவுக்கு பஸ்தி தவாகானாவில், அதாவது பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சின்ன அரசு மருத்துவமனைகளில் ஒன்றில் வேலை. பாலாப்பூர் பக்கம் காலி மனையில் தகரமும் தார்ப்பாயுமாகக் குடிசை போட்டிருக்கும் பர்மாக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட அவளிடம்தான் வருவார்கள். ராணுவம் ஊரைக் கொளுத்தியபோது ஓடி, ஆறு கடந்து, எல்லை கடந்து, எப்படியோ ஹைதராபாத்தில் வந்து பழைய பேப்பர் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள்.

அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னதும் சங்கத் தலைவி ஷெர்லி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்களா? நாம டி.வி.ல பாக்கோம்லா மெட்டி, அந்த யுத்தத்தைல்லா சொன்னோம்" என்றாள். பார்க்க லட்சணமான யுத்தம், லட்சணம் இல்லாத யுத்தம் என்று இருக்கும்போல. பேச்சு அத்தோடு நின்றது. போன மாதம் அந்தக் குடிசைகளில் தீப்பிடித்து முப்பத்திரண்டு வீடு சாம்பலாகி, படம் பேப்பரில் வந்த பிறகுதான் போதகரே, "சரி, அங்கேயே கொடுத்துருவோம்" என்று அறிவித்தார்.

அறிவித்ததும் அரிசி வந்ததே ஒரு வரத்து! வழக்கமாக ஒரு மூட்டை தேறுவதே பெரும்பாடு. இந்த முறை ஐந்து மூட்டை. வாசலில் நிறுத்திவைத்த சாக்குகளில் ஒவ்வொரு குடும்பமும் பையைக் கவிழ்த்துவிட்டுப் போனபோது மெட்டில்டாவுக்குக் கண் கலங்கியது. நம் ஜனங்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். சாக்கின் கனத்தைப் பார்த்து மயங்கினாளே தவிர, ஒரு நாள்கூட உள்ளே கை விட்டுப் பார்க்கவில்லை. இப்போது புரிந்தது. ரேஷனில் சன்ன அரிசி கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டு மூலையில் கிடந்த பழைய மொத்த அரிசி, வேலைக்காரிகூட வேண்டாம் என்று விட்டுப்போன அரிசி, எல்லாம் வாசலைத் தேடி வந்துவிட்டது. ஒரு பிடி ஒரு பிடியாகச் சேர்ந்த அரிசி இப்படி நாறாது.

மூலையில் கொட்டாமல் விட்ட பைகள் ஏழெட்டு இருந்தன. அவற்றையாவது பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நாற்பத்தொன்றாம் எண் பை கையில் வந்ததும் ஒரு கணம் தயங்கினாள். அது அவள் வீட்டுப் பை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி என்று கிதியோன் கொண்டுவந்தது. பிரித்தாள். ஓரத்தில் ஒரு வண்டு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. தவாகானா வேலை அலைச்சலில் இரண்டு மாதமாகப் பிடி எடுத்து வைக்க மறந்துபோய், கடைசி நாளில் பெரிய டப்பாவின் அடியில் கிடந்ததைச் சுரண்டி மொத்தமாகப் போட்டது நினைவுக்கு வந்தது. அவளுக்கு முகமெல்லாம் சூடாகியது. கோபம் இரட்டிப்பானதே தவிர ஒரு துளி குறையவில்லை.

ஷெர்லி அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா பேகம்பேட்டில் ஒரு வங்கியில் மேலாளர். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கிதியோனுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருந்தவள்.

"அக்கா, அரிசி முழுக்க வண்டு. அஞ்சு மூட்டையும்."

"அதுக்கென்னட்டி இப்ப? வெயில்ல கொட்டுனா ஓடிரும். சுளகுல போட்டுப் புடைச்சு, நாலு தண்ணி ஊத்திக் கழுவுனா நல்ல அரிசிதான். நம்ம வீட்டுல வண்டு வந்தா நாம சாப்பிடமாட்டோமா?"

"சாப்பிடுவோமா அக்கா?"

"சாப்பிடுவோம்லா! அரிசியை யாராவது தூரப் போடுவாவளா? அதுவும் அவங்க இல்லாதவங்க மெட்டி, கெடைச்சாப் போதும்னு இருப்பாங்க. நீ பேசாம ஏத்தி விடு. ஃப்ளெக்ஸை மறந்துராத. முன்னாடி பிடிச்சு நாலு போட்டோ எடுத்து குரூப்ல போடு, என்ன?"

ஃப்ளெக்ஸ் சுவரோரம் சுருட்டி வைத்திருந்தது. 'யுத்தத்தால் வாடும் மக்களுக்கு எங்கள் அன்பின் கைப்பிடி' என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் போதகர், மறுபக்கம் ஷெர்லி அக்கா, நடுவே யாரோ வெளிநாட்டுக் குழந்தை அழுகிறது. அந்தச் சுருளுக்குப் பக்கத்தில், அடுக்கிவைத்தபடி, புத்தம் புது சோனா மசூரி மூன்று மூட்டைகள் இருந்தன. நாளைக்கு அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. கலெக்டர் ஆபீஸ்காரரும் கேட் காவலாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும். போதகர் எழும் வரை எவரும் எழக்கூடாது, இலையில் மிச்சம் வைக்கக்கூடாது. இந்த வருஷ அசனத்துக்கு அரிசி ஷெர்லி அக்கா வீட்டு உபயம். மகன் ரயானுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பொருத்தனை.

மெட்டில்டா அந்த மூன்று மூட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நாம சாப்பிடமாட்டோமா என்று அக்கா கேட்டது காதுக்குள்ளேயே இருந்தது. அவளுக்கு, தான் வாக்குக் கொடுத்திருந்த பாலாப்பூர்க் குடிசைக்காரி தஸ்லீமாவின் முகம் ஞாபகம் வந்தது. தீப்பிடித்த மறுநாள் யார் யாரோ உதவி என்று வந்து இறக்கிப்போன சாமான்களைத் தஸ்லீமா அவளுக்குக் காட்டியிருந்தாள். ஒரு பை நிறையக் கழுத்து டை. ஜரிகை கிழிந்த கல்யாணப் பாவாடை. ஒற்றைக் கால் குதிகால் செருப்பு. தேதி முடிந்த பிஸ்கட். "சிஸ்டர், இந்த டையைக் கட்டிக்கிட்டு நாங்க எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பைப் பார்க்கத்தான் மெட்டில்டாவால் முடியவில்லை. முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் பெயர் எழுதிப் பட்டியல் போட்டவள் தஸ்லீமா. இந்த முறை டை வராது, அரிசி வரும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். "சாவல் பக்கா ஹை நா?", அரிசி நிச்சயம்தானே என்று போன வாரம் மறுபடியும் கேட்டாள். "ஹவ், பக்கா" என்று ஆமாம் போட்டிருந்தாள் மெட்டில்டா.

பன்னிரண்டு மணிக்குக் கிதியோன் ட்ராலி ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். அதிர்ந்து பேசாத மனுஷர். சோனா மசூரி மூட்டைகளை அவள் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"இது அக்கா வீட்டு அரிசில்லா, மெட்டி?"

"ஆமா. அங்க இதுதான் போவுது. அந்த அஞ்சு மூட்டையைப் புடைச்சுக் கழுவி நாளைக்கு நாம சாப்பிடப் போறோம். நம்ம வீட்டுப் பையும் அதுலதான் சேருது. நல்ல அரிசிதான்னு அக்காவே சொல்லிட்டா."

"ஐயர்ட்ட கேட்டியா?" சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

"கேக்கல. கேட்டா கமிட்டி கூட்டுவாவ. கமிட்டி முடியதுக்குள்ள அவங்க வேற எங்கயாவது ஓடிருப்பாங்க."

கிதியோன் சட்டைக் கையை மடித்தார்.

"இருபத்தொம்பது வருஷமா ஃபேக்டரிலருந்து பெட்டி பெட்டியா ஏத்தி அனுப்புதேன். எங்க போவுது, யார் தலையில விழுதுன்னு கேக்கக் கூடாது. கேட்டதுமில்ல. இதாவது எங்க போவுதுன்னு தெரிஞ்சு ஏத்துதேன்" என்றார். முதல் மூட்டையை அவரே தோளில் தூக்கினார். ஆபரேஷன் ஆன உடம்பு என்று அவள் கத்தியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நகரத்தை வடக்கிலிருந்து தெற்காக முழுசாக அளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டேகால் ஆகிவிட்டது. கரிந்த மனையில் பாதிக் குடிசைகள் புதுத் தார்ப்பாயோடு எழும்பியிருந்தன. மீதிப் பேர் மூங்கிலை நட்டுவிட்டு மேலே போடுவதற்கு எதுவும் இல்லாமல் அந்த நிழலில்லாத நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் யாரும் ஓடிவரவில்லை. வண்டி வந்தால் ஓடிவருவதை அந்த ஜனங்கள் எப்போதோ விட்டிருந்தார்கள். தஸ்லீமா மட்டும் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கிதியோன் மூட்டையின் தையலைப் பிரித்தார். அவள் உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையை விரித்து, மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு இரண்டு அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். காலையில் ஸ்டோர் ரூமில் தான் செய்ததை இவள் இத்தனை காலமாக வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் செய்துவந்திருக்கிறாள் என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது.

"யே ஹமாரா ஹை?" எங்களுக்கா என்று கேட்டாள் தஸ்லீமா.

"ஹவ். உங்களுக்குத்தான்."

"போட்டோ?"

"போட்டோ நக்கோ." வேண்டாம் என்று மெட்டில்டா தலையாட்டினாள்.

பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு அளந்து போட்டார்கள். தஸ்லீமா தன் பங்கைக் கடைசியாக வாங்கிக்கொண்டாள். வாங்கி வைத்தவுடன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, வாய் வெட்டிய எண்ணெய் டின் ஒன்றில் போட்டாள். அதற்குள் ஏற்கெனவே அடுத்தடுத்த குடிசைக்காரிகள் ஒவ்வொரு பிடி போட்டிருந்தார்கள். அது யாருக்கு என்று மெட்டில்டா கேட்டாள். அவர்கள் ஊரிலும் இந்தப் பழக்கம் உண்டாம். இனிமேல் ஓடிவரப் போகிறவர்களுக்கு என்றாள் தஸ்லீமா, சாதாரணமாக, நாளைக்கு வரப்போகும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. குண்டு போடுகிறவனிலிருந்து கைதட்டுகிறவன் வரை அத்தனை பேரையும் இழுத்துவந்து அந்த டின்னுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று மெட்டில்டாவுக்கு ஆத்திரம் பொங்கியது. எல்லோரையும் இழுத்துவர அவளால் முடியாது. நாளைக்கு அசனத்தில் உட்காரப்போகும் நானூறு பேரை முடியும்.

திரும்பி வந்ததும் ஹால் முற்றத்தில் ஃப்ளெக்ஸை விரித்து அதன்மேல் ஐந்து மூட்டையையும் கொட்டினாள். சித்திரை வெயில் ஐந்து மணிக்கும் கொதித்தது. வண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, போதகரின் கழுத்துப்பட்டையையும் ஷெர்லி அக்காவின் நெற்றியையும் தாண்டி நிழலைத் தேடி ஓடின. சமையல் மாஸ்டர் தினேஷின் உதவியாட்கள் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பொழுது சாயும் வரை கிதியோனோடு சேர்த்து நான்கு பேரும் சுளகும் கையுமாக உட்கார்ந்து புடைத்தார்கள். 'போட்டோ எங்கே?' என்று அக்காவிடமிருந்து மூன்று செய்திகள் வந்தன. மெட்டில்டா போனைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தினேஷ் மாஸ்டர் அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதேந்தி அம்மா?", இது என்ன என்று தெலுங்கில் கேட்டார். பத்து வகை அரிசி ஒன்றாகக் கிடந்தால் பாதி குழையும், பாதி வேகாது, அப்புறம் தன் பெயர்தான் கெட்டுப்போகும் என்று புலம்பினார். பெயர் கெடுவது யாருக்கு என்று பந்தியில் தெரிந்துவிடும், நீங்கள் உலையை வையுங்கள் என்றாள் மெட்டில்டா. ஏழு தண்ணீர் ஊற்றி அவளே கழுவினாள். ஏழாவது தண்ணீரும் கலங்கலாகத்தான் வந்தது.

ஆராதனை முடிந்து பந்தி உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டரை. ஹாலின் நீளத்துக்கு வாழை இலைகள். ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் போதகர், அவருக்கு அடுத்து புதுப் பட்டுப்புடவையில் ஷெர்லி அக்கா. பரிமாறும் பெண்களிடமிருந்து சோற்று வாளியை மெட்டில்டா வாங்கிக்கொண்டாள். முதல் கரண்டியைப் போதகரின் இலையிலும் இரண்டாவதை அக்காவின் இலையிலும் போட்டாள். வெள்ளையும் பழுப்பும் மஞ்சளுமாக, கூழாகக் குழைந்த இடத்தில் விறைத்த அரிசிகள் துருத்திக்கொண்டிருக்க, அது இலையில் சரிந்தது. கறி மணத்தையும் மீறி அந்தச் சாக்கு வாடை மெல்ல எழுந்தது. அக்கா இலையைப் பார்த்தாள், நிமிர்ந்து மெட்டில்டாவைப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"நம்ம கைப்பிடிதான் அக்கா. வெயில்ல போட்டு, புடைச்சு, ஏழு தண்ணி ஊத்திக் கழுவுனது."

"நான் வாங்கிக் குடுத்த அரிசி எங்க?"

"இல்லாதவங்களுக்குப் போயிருச்சு. உங்க பொருத்தனையைக் கர்த்தர் நல்லாவே ஏத்துக்கிட்டாரு."

அக்காவின் முகம் ரத்தமாகச் சிவந்தது. போதகரின் பக்கம் திரும்பினாள். போதகர் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவியது. எந்த அரிசி, யார் வீட்டு அரிசி என்ற கேள்வி மட்டும் எந்த வரிசையிலும் எழவில்லை. பைக்குள் என்ன போட்டோம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். மெட்டில்டா கடைசி இலை வரை நிதானமாகப் பரிமாறிவிட்டு வந்தாள். அக்காவுக்கு நேர் எதிரே கிதியோன் அவளுக்கு ஒரு இலை போட்டு வைத்திருந்தார். தனக்கும் அதே வாளியிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

போதகர் எழுந்து ஜெபித்தார். அவருடைய ஜெபங்களிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு கையும் இலைக்கு வரவில்லை. மெட்டில்டா ஒரு பிடி சோற்றை உருட்டி வாயில் வைத்தாள். பாதி நாக்கிலேயே கரைந்துபோனது, மீதி கடைவாய்ப் பல்லில் நறநறவென்று அரைபட்டது. தலை நிமிராமல் அடுத்த பிடியை உருட்டினாள். பிறகு எதிர் வரிசையில், எந்த இலைக்கு மேல் என்று தெரியவில்லை, வேகாத அரிசி ஒன்று இன்னொருவர் பல்லில் நொறுங்கியது.